நம்ம மலரை நாமே மடிப்போம்

(மலர்க் குழுவினருக்கான பயிற்சி நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

என்னைப் பற்றி ரெண்டு வரி. கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்தவள் நான். பதினோரு வருஷம் ஒரு அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கடை பில் புக்கு, கோயில் விழா நோட்டீஸ் எல்லாம் இந்தக் கையால் தட்டச்சு செய்ததுதான். பிறகுதான் குழுவுக்கு வந்தேன். அதனால்தான் தலைவி அக்கா, "மலர் வேலையை நாமளே பண்ணலாமான்னு நீ வந்து சொல்லு" என்று கூப்பிட்டார்கள். பண்ணலாம். எப்படி என்பதைத்தான் சொல்லப் போறேன்.

ஏன் நாமே பண்ணணும்? காசு ஒரு காரணம். வெளியில் கொடுத்தால் ஆயிரம் பிரதிக்குக் குறைந்து எடுக்க மாட்டோம் என்பார்கள். நமக்குத் தேவை முந்நூறு. மீதி எழுநூறு அலுவலக அலமாரியில் கரையான் தின்னும். ஆனால் எனக்குக் காசைவிடப் பெரிசாகத் தெரிகிற காரணம் வேறு. போன மலரை வெளியில் ஒரு இடத்தில் கொடுத்தோம். அது வந்தபோது வாழ்த்துச் செய்தியும் போட்டோவுமாக ஒன்பது பக்கம் இருந்தது. நம்ம நாலு குழுக்களோட பக்கத்தைக் காணோம். கேட்டதற்கு, "பக்கம் பத்தலைங்க, அதான் எடுத்துட்டோம்" என்றார்கள். அந்த நாலு குழுவில் ஒரு பெரியம்மா இருக்காங்க. ஐம்பத்திரண்டு வயசில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். மலரை வாங்கி, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி, தன் பேரைத் தேடினார். கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினார். பக்கம் பத்தவில்லை என்றால் எதை எடுப்பது என்று முடிவு செய்கிற வேலை நம்ம கையில் இருக்கணும். நான் இன்னைக்கு எழுந்து பேசுவதே அதுக்குத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் இந்தப் "பக்கம் பத்தலை" என்பது என்ன என்று பார்க்கணும். அது பாதி உண்மை, பாதி சாக்கு.

உங்க முன்னால் ஆளுக்கு மூணு ஏ4 தாள் வச்சிருக்கு. ஒரு தாளை எடுத்து நடுவில் மடிங்க. இப்போ அதில் எத்தனை பக்கம்? நாலு. இன்னொரு தாளை மடிச்சு அதுக்குள்ளே செருகுங்க. எட்டு. மூணாவதையும் செருகினால் பன்னிரண்டு. மடிச்ச புத்தகத்தில் பக்கம் நாலு நாலாகத்தான் கூடும், நாலு நாலாகத்தான் குறையும். பதிமூணு பக்கத்துக்கு விஷயம் இருந்தால், ஒண்ணு பன்னிரண்டாகச் சுருக்கணும், இல்லேன்னா பதினாறாக்கிவிட்டு மீதி மூணு பக்கத்துக்கு விஷயம் தேடணும். அச்சுத் தொழிலில் பெரிய தாளாக இருந்தாலும் இதே கணக்குதான். ஒரு பெரிய தாளின் ஒரு முகத்தில் எட்டு, மறு முகத்தில் எட்டு என்று அடிச்சு மூணு தடவை மடிச்சால் பதினாறு பக்கம். அதை ஒரு பாரம் என்போம். "புத்தகம் எத்தனை பாரம் வருது?" என்றுதான் எங்க அச்சகத்தில் முதல் கேள்வியே கேட்பாங்க. தமிழில் முதன்முதலாகத் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் வந்தது. அதுவும் பதினாறே பக்கம்தான். நம்ம மலரும் அந்த அளவுப் புத்தகம்தான், வெட்கப்பட ஒண்ணுமில்லை.

இப்போ மூணு தாளையும் செருகி வச்சிருக்கீங்க. பென்சிலால் முதல் பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று போட்டு 12 வரைக்கும் வாங்க. போட்டாச்சா? இனி தாளைப் பிரிச்சுத் தனித்தனியாகப் பாருங்க. வெளித்தாளில் ஒரு முகத்தில் இடது பக்கம் 12, வலது பக்கம் 1. அதைத் திருப்பினால் 2-ம் 11-ம். நடுத்தாளில் 10-ம் 3-ம், திருப்பினால் 4-ம் 9-ம். உள்தாளில் 8-ம் 5-ம், திருப்பினால் 6-ம் 7-ம்.

சில பேர் முகத்தில் குழப்பம் தெரியுது. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ரொம்ப சுலபம், பாருங்க. ராஜகோபுரம் வழியாக உள்ளே வந்தால் முதலில் என்ன வீதி? தெற்கு அடையவளஞ்சான். அதைத் தாண்டினால் தெற்குச் சித்திரை வீதி. அதையும் தாண்டினால் தெற்கு உத்திர வீதி. அப்புறம் கோயில். கோயிலுக்கு அந்தாண்டை வடக்கே போனால் முதலில் வடக்கு உத்திர வீதி, அப்புறம் வடக்குச் சித்திரை வீதி, கடைசியில் வடக்கு அடையவளஞ்சான். ஒரே வீதிதான் கோயிலைச் சுற்றி வளைஞ்சு போகுது, நாம ரெண்டு தடவை அதைக் குறுக்கே கடக்கிறோம். தாளும் அதே மாதிரிதான். வெளித்தாள் அடையவளஞ்சான்: போகும்போது 1, 2, வரும்போது 11, 12. நடுத்தாள் சித்திரை வீதி: 3, 4, அப்புறம் 9, 10. உள்தாள் உத்திர வீதி: 5, 6, 7, 8. படிக்கிறவர் நேராக நடந்து போகிறார். அச்சடிக்கிற நாம வீதி வீதியாக அடிக்கிறோம்.

இன்னொரு சோதனையும் இருக்கு. ஒரே முகத்தில் இருக்கிற ரெண்டு எண்ணையும் கூட்டுங்க. 12-ம் 1-ம் பதிமூணு. 2-ம் 11-ம் பதிமூணு. 8-ம் 5-ம் பதிமூணு. எங்கே கூட்டினாலும் மொத்தப் பக்கத்தோட ஒண்ணு கூடுதலாக வரும். 24 பக்க மலர் என்றால் 25 வரணும். 24-ம் 1-ம், 22-ம் 3-ம், 20-ம் 5-ம் என்று போய் நடுத்தாளில் 12-ம் 13-ம். எந்த முகத்திலாவது கூட்டுத்தொகை இடிச்சால் அங்கே பக்கம் மாறியிருக்கு. பேரேட்டில் வரவு செலவு டேலி பார்க்கிற நமக்கு இதைவிட என்ன வேணும்? கம்ப்யூட்டரே இந்த வரிசையைப் போட்டுக் கொடுக்கும், லிப்ரே ஆபீஸிலும் பி.டி.எஃப். திறக்கிற அடோபி ரீடரிலும் அந்த வசதி இருக்கு. ஆனாலும் பென்சிலால் போட்ட இந்த டம்மி மேஜை மேலேயே இருக்கணும். மெஷின் சொல்றதைச் சரிபார்க்க நம்மகிட்டே ஒரு கணக்கு இருந்தால்தான் கடைக்காரர் சொல்றதையும் சரிபார்க்க முடியும்.

டம்மியால் இன்னொரு லாபம். எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று பேனாவால் அதிலேயே எழுதிவிடலாம். அதைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடலாம். நல்லா சண்டை போடுங்க. அச்சான பிறகு போடுற சண்டையைவிட இது மலிவு.

அந்தச் சண்டையில் என் கட்சி என்ன என்று முதலிலேயே சொல்லிடறேன். மலரில் எப்பவும் சுய உதவிக் குழுக்களின் வரலாறு என்று மூணு பக்கம் வரும். 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்தது, ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதி உதவி வந்தது, பிறகு மகளிர் திட்டம் ஆனது என்று. தெரிஞ்சுக்க வேண்டியதுதான். ஆனால் அது எல்லா மாவட்ட மலரிலும் இருக்கு. அதுக்கு ஒரு பத்தி போதும். மீதி ரெண்டே முக்கால் பக்கத்தில் ஒரு குழு எப்படி இட்லி மாவுக் கடை வச்சது, மெஷின் வாங்கின கடனை எத்தனை மாசத்தில் கட்டினது, மழைக்காலத்தில் வியாபாரம் படுத்தபோது என்ன பண்ணினது என்று போடலாம். அதை வேற எந்தப் புத்தகத்திலும் யாரும் போட மாட்டாங்க. வாழ்த்துச் செய்திகள் எல்லாம் சேர்த்து ஒரே பக்கம். அதிகாரிகளுக்கு வருத்தம் வராது. வந்தாலும் நம்ம பெரியம்மாவுக்கு வந்த வருத்தத்தைவிடக் கம்மியாகத்தான் இருக்கும்.

நடுப்பக்கம் ரெண்டும் ஒரே தாளில் ஒட்டி வரும், கவனிச்சீங்களா? 24 பக்கத்தில் 12-ம் 13-ம். மத்த எதிரெதிர்ப் பக்கமெல்லாம் வேற வேற தாள், கொஞ்சம் ஏறி இறங்கும், கோடு சேராது. நடுப்பக்கத்தில் மட்டும் ஒரு பெரிய அட்டவணையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போடலாம். ஆண்டு வரவு செலவை அங்கே போடணும் என்பது என் அபிப்பிராயம். புத்தகத்தைக் கையில் எடுத்தாலே பொத்துனு திறக்கிற இடம் அது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் பொடி எழுத்தில் கணக்கைப் போட்டால் நாமளே எதையோ மறைக்கிற மாதிரி இருக்கும்.

கணக்கு என்றதும் ஒண்ணு சொல்லணும். போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது, தவணை பாக்கி வச்சிருக்கிறவங்க பேரை மலரில் போட்டால் கட்டிடுவாங்க என்று. நான் ஒத்துக்க மாட்டேன். கடன் விஷயம் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இருக்கட்டும், அங்கே பேசித் தீர்ப்போம். மலர் வீட்டுக்குப் போகுது, மாமியார் பார்க்கிறாங்க, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போகுது. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் வாங்கி ரெண்டு தவணை தவறின பொண்ணோட பேர் அச்சில் ஏறினால், அவங்க பணம் கட்டின பிறகும் அந்த அச்சு அழியாது. மொத்தக் கடன் எவ்வளவு, வசூல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தொகையாகப் போடுவோம். பேர் வேண்டாம். இதை இன்னைக்கே தீர்மானமாக எழுதிடலாம்னு கேட்டுக்கறேன்.

இனி எழுத்து. இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. கம்ப்யூட்டரைத் திறந்தால் தாள் ஏ4 அளவில்தான் இருக்கும். அப்படியே 12 புள்ளி எழுத்தில் அழகாக அடிச்சுட்டு, கடைசியில் புத்தக வடிவில் பிரிண்ட் போடு என்றால், மெஷின் ரெண்டு பக்கத்தை ஒரு தாளில் அடைக்கணுமே, அதனால் எல்லாத்தையும் நூற்றுக்கு எழுபது பங்காகச் சுருக்கும். 12 எட்டரைக்கு வந்துடும். கண்ணாடி போட்டவங்களும் படிக்க முடியாது. அதனால் ஒரு எழுத்து அடிக்கும் முன்னாடியே தாள் அளவை ஏ5 என்று மாற்றிடுங்க. அகலம் 148 மில்லி மீட்டர், உயரம் 210. மடிச்ச பக்கத்தோட உண்மையான அளவு அதுதான். திரையில் பார்க்கிறது கையில் அப்படியே வரும்.

எழுத்து எவ்வளவு பெரிசு? என் கணக்கில் 13. புதுசாகப் படிக்கக் கற்றவர்களுக்கான பக்கம் என்றால் 15. நம்ம பாட்டிமார் காலத்தில் 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை' என்று சந்தையில் விற்பாங்க. பெரிய எழுத்து என்பதைப் புத்தகத்தோட பேரிலேயே போட்டு வித்தாங்க பாருங்க, அவங்க வியாபாரி மட்டுமில்லை, படிக்கிறவங்களைத் தெரிஞ்சவங்க. விளக்கு வெளிச்சத்தில் ஒருத்தர் படிக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிறதுக்கான புத்தகம் அது. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோதும் இதே மாதிரி பெரிய எழுத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களாகத்தான் கொடுத்தாங்க. அங்கே சைக்கிளும் எழுத்தும் சேர்த்துக் கற்றுக்கொண்ட பெண்கள் இன்னைக்குப் பாட்டியாகியிருப்பாங்க. மெலிசான புத்தகம் என்றால் முடிச்சுடலாம் என்ற தைரியம் வரும். நம்மில் பலருக்கும் மலர்தான் வருஷத்தில் படிக்கிற ஒரே புத்தகம்.

வரிக்கும் வரிக்கும் நடுவில் இடம் தாராளமாக விடணும். இங்கிலீஷுக்கு வைக்கிற இடைவெளி தமிழுக்குப் பத்தாது. நமக்கு மேலே கொக்கி, கீழே சுழி, ரெண்டும் இருக்கே. 'கீ'யோட கொம்பும் மேல் வரி 'கூ'வோட வாலும் முட்டினால் படிக்கிறவங்க கண் தடுக்கும். அப்புறம் ரெண்டு ஓரமும் மட்டமாக நிற்கணும்னு ஜஸ்டிஃபை பட்டனை அமுக்காதீங்க. தமிழில் வார்த்தை நீளம். 'கூட்டமைப்பினருக்கு' மாதிரி ஒரு வார்த்தை வரியில் அடங்காமல் கீழே இறங்கினால், மேல் வரியில் மிச்சமிருக்கிற மூணு வார்த்தைக்கு நடுவில் பல்லு விழுந்த மாதிரி ஓட்டை விழும். சின்னப் பக்கத்தில் இது ரொம்பத் தெரியும். இடது ஓரம் மட்டமாக இருக்கட்டும், வலது ஓரம் அதுபாட்டுக்கு ஏறி இறங்கட்டும். அழகு குறைச்சல் என்று என் பழைய முதலாளி சொல்லுவார். படிக்கிறவங்களுக்கு அது சுகம்.

வயசானவங்க எழுதிக் கொடுக்கிற தாளில் பழைய 'லை', 'ணை', யானைத் தும்பிக்கை போட்டு எழுதியிருப்பாங்க. தட்டச்சு செய்யற சின்னப் பொண்ணுங்க அதைப் பார்த்து முழிக்காதீங்க. 1978-ல் அரசாங்கம் பதிமூணு எழுத்தோட வடிவத்தை மாற்றியது. அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம் போனவங்க கையெழுத்து அப்படித்தான் இருக்கும். அது தப்பில்லை.

எழுத்துருவில் ஒரு சிக்கல் உண்டு. நம்ம உறுப்பினர்கள் போனில், வாட்ஸ்அப்பில் அனுப்பறது யூனிகோடு எழுத்து. பல டி.டி.பி. கடையில் இன்னும் பேஜ்மேக்கர்தான் வச்சிருக்காங்க, அதில் பாமினி மாதிரி பழைய எழுத்துரு மட்டும்தான் வேலை செய்யும். யூனிகோடைக் கொண்டுபோய் அப்படியே ஒட்டினால் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ நிற்கும். மாற்றிக் கொடுக்கிற கருவி இருக்கு, ஆனால் மாற்றினதுக்கு அப்புறம் ஸ்ரீ, ஜ, ஷ, மேற்கோள் குறி எல்லாத்தையும் ஒரு தடவை பார்க்கணும். 'ஸ்ரீரங்கம்' எத்தனை விதமாக உடையும் என்பதை நான் பதினோரு வருஷம் பார்த்திருக்கேன். நாம யூனிகோடிலேயே அடிச்சு, பி.டி.எஃப். ஆக்கி எடுத்துட்டுப் போயிட்டால் எந்தக் கடை மெஷினிலும் அப்படியே வரும். பென் டிரைவில் வேர்டு கோப்பைக் கொடுத்துட்டு வராதீங்க. அங்கே அந்த எழுத்துரு இல்லேன்னா வேற எழுத்துரு உட்கார்ந்து வரி எல்லாம் ஓடி, 24 பக்கம் 27 ஆகிடும். அப்போ அவங்க சொல்லுவாங்க, "பக்கம் பத்தலைங்க."

மெய்ப்பு பார்க்கிறதை ரெண்டு பேராக உட்கார்ந்து செய்யணும். ஒருத்தர் கைப்பிரதியை வாய்விட்டுப் படிக்கணும், இன்னொருத்தர் அச்சுப் பிரதியில் விரல் வச்சுப் பார்க்கணும். முக்கியமாகப் பேர்கள். போனில் பேசினால் தானாக எழுத்தாகிற வசதியை நிறையப் பேர் பயன்படுத்தறோம். நல்லதுதான், எழுதத் தெரியாதவங்க கதையும் அப்படித்தான் வருது. ஆனால் அது 'தவணை'யை என்னவாகவோ ஆக்கும். செல்லம்மாளுக்கு ளகரமா லகரமா, மணிமேகலைக்கு எந்த 'ணி', இனிஷியல் அப்பாவுடையதா வீட்டுக்காரருடையதா, எல்லாம் அவங்கவங்ககிட்டேயே கேட்டு எழுதுங்க. உறுப்பினர் பட்டியலை ஒவ்வொரு குழு ஊக்குநரும் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிரிண்டுக்குப் போகணும். இந்த வருஷம் காலமான உறுப்பினர்கள் பேரும் பட்டியலில் இருக்கணும், தனியாக ஒரு பக்கம். அவங்க போட்ட சேமிப்பும் அந்தக் கணக்கில் இருக்கே.

பக்கத்தோட ஓரத்தில் இடம் விடறதைச் சுருக்கமாகச் சொல்றேன். மடிப்பு இருக்கிற உள் ஓரத்தில் 18 மில்லி மீட்டர், வெளி ஓரத்தில் 13. நிறையத் தாள் செருகினால் உள்தாள் கொஞ்சம் வெளியே துருத்தும், கொசுவம் வச்ச சேலையில் உள்மடிப்பு எட்டிப் பார்க்கிற மாதிரி. ஆறு தாளுக்கு அது பெரிசில்லை. கட்டிங் மெஷின் இருக்கிற கடையில் ஓரத்தை ஒரு நூல் அளவு வெட்டிடலாம். அதனால்தான் வெளி ஓரத்தில் எழுத்து ஒட்டி நிற்கக் கூடாது.

போட்டோ விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஜெராக்ஸில் போட்டோ கறுக்கும். நம்ம நிறத்துக்கு முகமே தெரியாமல் மை அப்பின மாதிரி வரும். முப்பது பேரைத் தபால்தலை அளவில் அடைச்சால் எந்த முகம் யாருடையது என்று அவங்க பிள்ளைக்கே தெரியாது. நாலு பக்கத்துக்கு ஒரு படம் போதும், பெரிசாக, போனிலேயே வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு. நிழலில் நின்னு, வெயில் முகத்தில் நேராக அடிக்காமல் எடுங்க. விருது வாங்கற படத்தைவிட வேலை செய்யற படம் நல்லா வரும். வடகம் பிழியற கை, தையல் மெஷின் மேலே குனிஞ்ச முகம், இதெல்லாம் கறுப்பு வெள்ளையிலும் பேசும்.

தாள் கணக்கு. 24 பக்கத்துக்கு ஆறு தாள். முந்நூறு பிரதிக்கு ஆயிரத்து எண்ணூறு. ஒரு ரீம் ஐந்நூறு தாள், ஆகவே நாலு ரீம் வாங்கினால் இருநூறு தாள் மிஞ்சும். அதில் கொஞ்சம் சேதத்துக்குப் போகும், மீதி பயிற்சிக்கு ஆகும். ஒரு முகம் அடிக்க ஒரு ரூபாய் என்று வச்சுக்கிட்டால் ஒரு பிரதிக்குப் பன்னிரண்டு ரூபாய். விலை கடைக்குக் கடை மாறும், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு கடையாவது விசாரிங்க. மொத்தமாகக் கொடுத்தால் குறைப்பாங்க. எண்பது ஜி.எஸ்.எம். தாள் வாங்குங்க, அதுக்குக் கீழே போனால் பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரியும். கரூர் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யறாங்களே தமிழ்நாடு காகித ஆலை, அவங்க தாளே கடையில் கிடைக்கும். அவங்களோட அட்டை ஆலை நம்ம மாவட்டத்திலேயே, மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் ஓடுது. மேலட்டைக்கு வெளியே எங்கேயும் தேட வேண்டாம்.

ரெண்டு பக்கமும் அடிக்கும்போது கடைக்காரர்கிட்டே ஒரு வார்த்தை சொல்லணும்: குட்டைப் பக்கமாகத் திருப்பணும். தாள் படுக்கையாகக் கிடக்கு. புத்தகப் பக்கத்தைப் புரட்டற மாதிரி திரும்பினால் சரி. நாள்காட்டித் தாளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி திரும்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதலில் ஒரே ஒரு பிரதி அடிச்சு, மடிச்சு, நம்ம பென்சில் டம்மியோட பக்கத்தில் வச்சு ஒவ்வொரு பக்கமாகப் பாருங்க. சரியாக இருந்தால்தான் மத்த இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பதுக்குச் சரி சொல்லணும். கடையில் கூட்டம் நிற்குது, அவர் அவசரப்படுத்தறார்னு விட்டுடாதீங்க. காசு கொடுக்கறது நாம.

இந்த அச்சு வேலை எல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம்னு நினைக்க வேண்டியதில்லை. நம்ம ஸ்ரீரங்கத்திலேயே ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம் இருந்தது. டி. கே. பாலசுப்பிரமணிய ஐயர் நடத்தினது. 1910-ஐ ஒட்டி ஆதிசங்கரர் நூல்களை இருபது தொகுதியாக இங்கேயிருந்துதான் அச்சடிச்சாங்க. ஈயத்தில் வார்த்த எழுத்தை ஒவ்வொண்ணாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரியற மாதிரி இடவலம் மாறின எழுத்தைப் படிச்சுக் கோர்த்தாங்க. அவ்வளவு பாடுபட்டு அச்சான புத்தகத்தில் நம்மைப் போன்றவங்க பேர் வர வழியே இல்லை. இன்னைக்கு நம்ம கையில் ஒரு போனும், கடையில் ஒரு மெஷினும் போதும்.

கடைசி வேலை தைப்பு. ஸ்டேப்ளர் போடலாம். சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்பு வரைக்கும் எட்டாது. அதன் வாயைப் பிளந்து, அடியில் தெர்மகோல் வச்சு, முதுகிலிருந்து குத்தி, உள்ளே வந்த கம்பியைக் கரண்டிக் காம்பால் மடக்கலாம். ஆனால் நம்ம ஊர் ஈரத்துக்குக் கம்பி ரெண்டு மழைக்காலத்தில் துருப்பிடிச்சு, நடுப்பக்கக் கணக்கு மேலே பழுப்பு இறங்கும். எனக்கு நூல்தான் பிடிக்கும். பூக்கட்டற கைக்கு இது ஒரு வேலையே இல்லை. கோணி ஊசியால் மடிப்பில் மூணு ஓட்டை போடுங்க, நடுவில் ஒண்ணு, மேலேயும் கீழேயும் ஒவ்வொண்ணு. புத்தகத்துக்கு உள்ளேயிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே போங்க, நூல் நுனி ரெண்டு விரக்கடை உள்ளேயே இருக்கட்டும். மேல் ஓட்டை வழியாக உள்ளே வாங்க. நடுவைத் தாண்டி, கீழ் ஓட்டை வழியாக வெளியே போங்க. திரும்ப நடு ஓட்டை வழியாக உள்ளே வாங்க. உள்ளே நீளமாக ஓடற நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு நுனி, அந்தப் பக்கம் ஒரு நுனி நிற்கும். அதை நடுவில் பிடிச்சு ரெட்டை முடிச்சுப் போட்டுடுங்க. ஒரு புத்தகத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். முப்பது பேர் உட்கார்ந்தால் ஆளுக்குப் பத்துப் புத்தகம், டீ வர்றதுக்குள்ளே முடிஞ்சிடும்.

இப்போ அந்த மூணு தாளையும் பென்சில் எண் சரியாக வர்ற மாதிரி திரும்பச் செருகுங்க. ஊசியும் நூலும் அந்தக் கோடியில் இருக்கு. உறையூர்க் குழு முதலில் எடுத்துக்கிட்டு மத்தவங்களுக்குத் தள்ளிவிடுங்க.